ஸ்கூபா டைவிங் கற்க மொத்தம் எவ்வளவு ஆகும்? நீச்சல் குளத்திலிருந்து அந்தமான் வரை ஒரு முழுக் கணக்கு

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் ஒருவர் புதுச்சேரிக்குப் போய் ஓப்பன் வாட்டர் எனும் தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கிவர 40,000 முதல் 50,000 ரூபாய் வரை ஆகும். அதே சான்றிதழை அந்தமானில் வாங்கினால் 70,000 முதல் 90,000 வரை. டைவ் சென்டர்கள் விளம்பரத்தில் போடும் 25,000, 30,000 எல்லாம் கோர்ஸ் கட்டணம் மட்டும்தான். விமானம், ஃபெர்ரி, அறை, வரி, டாக்டர், காப்பீடு ஆகியவை அந்த எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. விலைகள் சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால் கீழே வரும் தொகைகளைத் தோராயக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து ஒன்றுதான். ஆரம்பத்தில் செலவழிக்க வேண்டியது ஆசிரியருக்கும் நாட்களுக்கும். சாமானுக்குச் செலவழிப்பதை ஒரு வருடம் தள்ளிப் போடலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மூன்று நாளில் முடியும் மலிவான கோர்ஸைப் பிடித்துவிட்டு, மிச்சப்பட்ட காசில் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வாங்குகிறார்கள்.

படி 1: டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு வேலைகள்

முதல் வேலை நீச்சல். ஒருநாள் அனுபவ டைவுக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சான்றிதழ் கோர்ஸுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். நேர வரம்பு கிடையாது, எந்த ஸ்டைலாகவும் இருக்கலாம். அதோடு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி), ஃபின்ஸ், ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்) போட்டுக்கொண்டு 300 மீட்டர் நீந்தும் மாற்றுவழியும் உண்டு. ஊரிலேயே மாநகராட்சிக் குளத்திலோ தனியார் குளத்திலோ ஒரு மாதப் பயிற்சிக்கு 3,000 முதல் 5,000 ரூபாய் ஆகும். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்கு இந்தச் செலவு மிச்சம். அவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி நிதானமாக மூச்சு விடப் பழகினால் போதும்.

இரண்டாவது வேலை மருத்துவப் படிவம். இதைக் கடற்கரைக்குப் போய்த்தான் பலர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள், அங்கேதான் சிக்கல் வருகிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, நெடுநாள் சைனஸ், சர்க்கரை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள் எனக் கேள்விகள் இருக்கும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகச் சில கேள்விகள் உண்டு. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் உங்கள் கையெழுத்தே போதும். ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் பெரும்பாலும் டாக்டர் கையெழுத்து இல்லாமல் உங்களைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். தீவுக்குப் போனபின் டாக்டரைத் தேடி அலைவதைவிட, படிவத்தை இணையத்தில் எடுத்து வீட்டிலேயே நிரப்பிப் பாருங்கள். தேவைப்பட்டால் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் உங்கள் டாக்டரிடமே முடித்துவிடலாம். உண்மையை மறைத்து 'இல்லை' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் ஆஸ்துமா வந்தால் அந்தக் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது, காப்பீட்டுக்காரரும் கைவிரித்துவிடுவார்.

படி 2: ஒரு தடவை முங்கிப் பார்ப்பதா, நேராகக் கோர்ஸா?

அந்தமானில் அனுபவ டைவ் ஒன்று 4,500 முதல் 7,000 ரூபாய் வரை. ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார்; அதிகபட்சம் 12 மீட்டர், நடைமுறையில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்குச் சான்றிதழ் கிடையாது. மறுபடி போனால் மறுபடி அதே காசு.

தண்ணீருக்கடியில் வாயால் மூச்சு விடுவதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கும் ஆளாக இருந்தால், இந்தச் செலவு வீணில்லை. கோர்ஸின் முதல் நாளில் பயந்து விலகினால் முழுக் கட்டணமும் திரும்பி வராது. கோர்ஸில் சேர்ந்தால் அனுபவ டைவுக்கான தொகையைக் கழித்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் கழிப்பார்கள். பயம் எதுவும் இல்லை, நீச்சல் நன்றாக வரும் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

கோவா பக்கம் 1,500 ரூபாய்க்கு 'ஸ்கூபா' என்று பலகை வைத்திருப்பார்கள். படகுச் சவாரி, மதியச் சாப்பாடு, வீடியோ எல்லாம் சேர்த்து அந்த விலை என்றால், தண்ணீருக்கடியில் எத்தனை நிமிடம் இருப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கயிற்றைப் பிடித்தபடி சில நிமிடங்கள்தான். விடுமுறைக் கொண்டாட்டமாகப் பார்த்தால் சரி. டைவிங் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 3: கோர்ஸ் கட்டணத்தைப் பிரித்துப் பார்ப்பது

பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற இரண்டு டைவிங் பயிற்சி அமைப்புகளின் பெயரைத்தான் நீங்கள் அதிகம் கேட்பீர்கள். பாடி 1966-இல் தொடங்கியது, எஸ்.எஸ்.ஐ. 1970-இல். இரண்டின் சான்றிதழும் உலகெங்கும் செல்லும், இரண்டிலும் ஓப்பன் வாட்டர் என்பது 18 மீட்டர் ஆழம் வரைக்குமான தகுதி. எது உசத்தி என்று இணையத்தில் நடக்கும் சண்டையில் நேரத்தைக் கழிக்காதீர்கள். உங்களுக்குக் கற்றுத்தரப்போகிற ஆசிரியர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோர்ஸுக்கு மூன்று பகுதி: பாடம், குளம் அல்லது அலையில்லாத ஆழமற்ற இடத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். பாடத்தை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போவதுதான் லாபம். கடற்கரையில் ஒரு நாள் அறை வாடகை மிச்சம், மாலையில் களைப்போடு உட்கார்ந்து படிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் ஆன்லைன் பாடத்தின் விலை கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்பதில் இடத்துக்கு இடம் வித்தியாசம். தனி என்றால் 15,000 ரூபாயைத் தாண்டும் செலவு அது. 'கோர்ஸ் 18,000 மட்டும்' என்ற விளம்பரங்களின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இந்தியாவில் பாடக் கட்டணம், சான்றிதழ், சாமான் வாடகை, படகு எல்லாம் சேர்ந்த கோர்ஸ் 25,000 முதல் 38,000 வரை போகிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்றால் 30,000 ரூபாய் கோர்ஸ் 35,400 ஆகிவிடும். முன்பணம் அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்:

- ஆன்லைன் பாடம், சான்றிதழ், வரி எல்லாம் இந்தத் தொகைக்குள் வருமா?
- ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்?
- நான்கு கடல் டைவும் படகிலிருந்தா, கரையிலிருந்தா?
- ஒரு பயிற்சி சரியாக வராவிட்டால் கூடுதல் நாளுக்கு எவ்வளவு?
- வானிலையாலோ ஜலதோஷத்தாலோ டைவ் நின்றால் பணம் திரும்புமா, தேதி மாறுமா?

இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பு. கடலில் ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர் வரை பாடி விதிகள் அனுமதிக்கின்றன. எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றும் பயிற்சியைச் செய்யும்போது, மற்ற ஏழு பேர் மணலில் முழந்தாளிட்டுக் காத்திருப்பார்கள். அப்படிப் போகும் நிமிடங்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இரண்டு, மூன்று பேர் உள்ள குழுவுக்கு 5,000 ரூபாய் அதிகம் கேட்டாலும் தயங்காமல் கொடுங்கள். இந்த முழுக் கணக்கிலும் நான் கஞ்சத்தனம் கூடாது என்று சொல்லும் முதல் இடம் இது.

படி 4: எங்கே கற்பது?

தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கையெட்டும் தூரம் புதுச்சேரி. சென்னையிலிருந்து பஸ்ஸில் மூன்று, நான்கு மணி நேரம். விமானமும் ஃபெர்ரியும் இல்லாததால் கோர்ஸ் கட்டணம்தான் மொத்தச் செலவின் பெரும்பங்கு. நான்கு இரவு அறை 6,000, சாப்பாடு 3,000, வண்டி வாடகை, பஸ் எல்லாம் சேர்த்தாலும் 50,000-ஐத் தாண்டாது. அங்குள்ள டெம்பிள் ரீஃப், கான்கிரீட் முதலான பொருட்களைக் கடலடியில் இறக்கி உருவாக்கிய செயற்கைத் திட்டு. சுமார் 18 மீட்டர் ஆழத்தில் மீன் கூட்டம் அடர்ந்திருக்கும். குறையும் உண்டு. தண்ணீர் ஒருநாள் தெளிவாக இருக்கும், மறுநாள் கலங்கிக் கையருகே இருப்பதும் மங்கலாகத் தெரியும். படகு நன்றாக ஆடும், வாந்தி மாத்திரை கட்டாயம். வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி குறிக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட கடலில் கற்றவர்கள் பிறகு எந்தக் கடலிலும் பதற மாட்டார்கள் என்று டைவ்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

அந்தமானில் எல்லோரும் போவது ஹேவ்லாக். 2018 முதல் அதற்கு அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு. போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனாலும் டைவ் சென்டர்காரர்களோடு பேசும்போது பழைய பெயர்களே காதில் விழும். வெதுவெதுப்பான தண்ணீர், பவளப்பாறை, நல்ல தெளிவு என்று முதல் தடவை கற்பவருக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் போனால் விமானமும் அறையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த ஒரு வாரத்தைத் தவிர்ப்பதே இந்தக் கணக்கில் மிகப்பெரிய சேமிப்பு.

இலங்கைக் கிழக்குக் கரையில் திருகோணமலை, நிலாவெளி. மே முதல் செப்டம்பர் வரை சீசன். அந்தமானில் மழை கொட்டும் மாதங்களில் இங்கே கடல் தெளிந்திருக்கும், ஊரில் தமிழில் பேசிக்கொள்ளலாம். புறாத்தீவு தேசியப் பூங்காவுக்குள் போக நுழைவுக் கட்டணம் தனி, அதுவும் வெளிநாட்டவருக்குக் கூடுதல். இலங்கையிலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: கிழக்கு ஓய்ந்ததும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ, உணவட்டுன பக்கம் தென்மேற்குக் கடல் திறந்துவிடும். விமானமே ஏறாமல் ஆண்டு முழுக்க டைவ் செய்யலாம்.

தாய்லாந்தின் கோ தாவோ தீவு மலிவுக்குப் பேர்போனது. கோர்ஸ் 10,000 முதல் 12,000 பாட், சில இடங்களில் படுக்கையும் சேர்த்து. பாங்காக்கில் இறங்கி, பஸ்ஸும் படகுமாகத் தீவு சேர ஒரு முழு இரவோ பகலோ போய்விடும். விமானக் கட்டணத்தைச் சேர்த்தால் மொத்தம் அந்தமான் பக்கம்தான் வந்து நிற்கும். குழுக்களும் பெரிதாக இருக்கும். எப்படியும் தாய்லாந்து போகும் திட்டம் இருந்தால் யோசியுங்கள். கோர்ஸுக்கென்றே கிளம்ப வேண்டியதில்லை.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் பாடத்தையும் குளப் பயிற்சியையும் வார இறுதியில் முடித்துவிட்டு, கடல் டைவ் நான்கையும் வேறு ஊரில் முடிக்கும் 'ரெஃபரல்' முறையும் உண்டு. இரண்டு இடத்தில் இரண்டு பில் வரும், மொத்தத்தில் சற்று அதிகம். லீவு கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழி. பாடியில் குளப் பயிற்சி முடித்து 12 மாதத்துக்குள் கடல் டைவை முடிக்க வேண்டும்.

படி 5: அந்தமான் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு மாதம் முன்பாகவே போட்டால் சென்னை–போர்ட் பிளேர் போக வர 12,000 முதல் 18,000. தனியார் ஃபெர்ரி இருவழிக்கும் 3,000 முதல் 3,500. அரசு ஃபெர்ரி அதைவிடக் குறைவு, டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. போர்ட் பிளேரில் ஓர் இரவு 2,000 முதல் 3,000. ஹேவ்லாக்கில் ஐந்து இரவு, இரவுக்கு 1,500 முதல் 2,500 என்றால் 7,500 முதல் 12,500. சாப்பாடும் ஸ்கூட்டரும் 5,000, 6,000. கோர்ஸ் வரியோடு 30,000 முதல் 38,000. கோர்ஸ் முடிந்தபின் சும்மா பார்க்க இரண்டு டைவ் 6,000, 7,000. டாக்டரும் காப்பீடும் 3,000 முதல் 5,500. கூட்டினால் குறைந்தபட்சம் 68,500, அதிகபட்சம் 93,500.

கோர்ஸ் முடிந்தபின் அந்த இரண்டு டைவ் எதற்கு என்று கேட்கலாம். கோர்ஸில் நான்கு டைவும் பயிற்சி செய்தே போய்விடும். மீனைப் பார்க்க நேரம் இருக்காது. விமானத்துக்குக் காசு கொடுத்து அவ்வளவு தூரம் போனபின் 6,000 ரூபாயைப் பிடித்துவைப்பதில் பொருளில்லை.

ஹேவ்லாக்கில் ஐந்து இரவு என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தத்தின்கீழ் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது வெளியேறுவதற்குள் விமானத்தில் ஏறினால் அழுத்தம் குறைந்து, மூட்டிலும் நரம்பிலும் குமிழியாகும் ஆபத்து உண்டு. தொடர்ந்து பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நிம்மதி. ஆக, கடைசி நாள் டைவ் இல்லாத நாள். இன்னொரு நாள் ஜலதோஷத்துக்காக. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைவிட இரட்டிப்பாகிவிடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்தால்தான் மேற்கொண்டு இறங்க முடியும். மூக்கடைப்பு இருந்தால் அது நடக்காது, கட்டாயப்படுத்தினால் செவிப்பறை போய்விடும். கூடுதல் நாள் இல்லாதவர்கள்தான் அடைத்த மூக்கோடு இறங்கத் துணிகிறார்கள்.

படி 6: காப்பீடு

வழக்கமான மருத்துவக் காப்பீடும் பயணக் காப்பீடும் பல நேரம் சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும். பாலிசியில் விலக்குப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். டைவிங்குக்கென்றே டான் (DAN) போன்ற டைவர் பாதுகாப்பு அமைப்புகள் ஆண்டுக் காப்பீடு தருகின்றன. சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மேலே சொன்ன நைட்ரஜன் குமிழிக்கான அழுத்த அறை சிகிச்சையும் தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவும் லட்சங்களில் போகும் என்பதால் இதில் பேரம் வேண்டாம். டைவ் சென்டர் 'எங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று சொன்னால், அது அவர்களுடைய பொறுப்புக்கானதா, உங்கள் சிகிச்சைக்கானதா என்று கேளுங்கள்.

படி 7: சாமான், அவசரமில்லாமல்

கோர்ஸில் எல்லாம் வாடகையில் வந்துவிடும். லைசென்ஸ் வாங்கிய கையோடு புல்லட் புக் செய்வது போல, முழு செட்டையும் உடனே வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஓரிரு வருடத்தில் பாதி சாமான் விற்பனைக் குழுக்களுக்கு வந்துவிடும். (அந்தப் பாதியைத்தான் விவரமானவர்கள் வாங்குகிறார்கள்.)

முதலில் வாங்க வேண்டியது மாஸ்க், 2,000 முதல் 6,000. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் கசியும், மேலுதட்டோரம் கொஞ்சம் கத்தரிக்க வேண்டிவரும். நீச்சல் கண்ணாடி டைவுக்கு ஆகாது. மூக்கு உள்ளே இல்லாததால் கண்ணைச் சுற்றி அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் லென்ஸ் பொருத்தக்கூடிய மாஸ்க்காகப் பாருங்கள், லென்ஸுக்குத் தனியே சில ஆயிரம் ஆகும். புது மாஸ்க்கின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பனி படிவது குறையும்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் கைக்கடிகாரம். தொடக்கநிலை மாடல்கள் 18,000 முதல் 30,000. பத்து டைவுக்கு மேல் தொடரப்போவது உறுதியானபின் வாங்குங்கள். எங்கள் கடலில் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி வரை இருப்பதால் வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான உடை) 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். வாடகை வெட்சூட்டில் முன்னவர் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறவர்கள் அதையும் சீக்கிரமே வாங்கிவிடுவார்கள்.

ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) பி.சி.டி.யும் (காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) சேர்ந்தால் 70,000 முதல் 1,40,000 வரை போகும். ரெகுலேட்டரை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ அனுமதியில் இந்த செட்டே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், மிச்ச எடைக்குக் காசு தனி. ஆண்டுக்கு இருபது டைவ் கூடப் போகாதவருக்கு வாடகையே லாபம். சிலிண்டரை வாங்க நினைக்கவே வேண்டாம். காற்று நிரப்பிய சிலிண்டரும் எடைக்கட்டிகளும் எங்கே போனாலும் டைவ் கட்டணத்திலேயே அடக்கம்.

படி 8: சான்றிதழ் வந்தபின் ஆண்டுச் செலவு

சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. திறமைக்கு உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி விட்டுப் போனால் பெரும்பாலான டைவ் சென்டர்கள் ரெஃப்ரெஷர் எனும் மறுபயிற்சி எடுக்கச் சொல்வார்கள், அதற்கு 4,000 முதல் 6,000. இந்தியாவில் ஒரு டைவ் 2,500 முதல் 3,500. பத்து டைவ் தொகுப்பாகக் கேட்டால் குறைப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை புதுச்சேரி போய் நான்கு நான்கு டைவ் என்று வைத்தால், பயணம் அறையோடு 35,000 முதல் 45,000 வரை ஒதுக்க வேண்டும். இந்தத் தொகை உங்கள் வருமானத்தில் இடம்பிடிக்காது என்றால் 38,000 ரூபாய் கோர்ஸை விட்டுவிட்டு, எப்போதாவது ஓர் அனுபவ டைவ் போய்வருவதே கணக்குக்குச் சரி.

அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் கோர்ஸ் 30 மீட்டர் வரை இறங்கும் தகுதி தரும். ஐந்து டைவ், 25,000 முதல் 30,000. ஓப்பன் வாட்டர் முடிந்த மாலையே 'சேர்த்துப் போட்டால் தள்ளுபடி' என்று கேட்பார்கள். பத்துப் பதினைந்து டைவ் கைவசம் வந்தபின் செய்தால்தான் அதில் கற்க ஏதாவது இருக்கும். ஆனால் அந்தமானில் இருக்கிறீர்கள், லீவு மிச்சம் இருக்கிறது, மறுபடி அங்கே வர இரண்டு வருடமாகும் என்றால் கணக்கு மாறுகிறது. தனியாக இன்னொரு முறை வந்தால் விமானத்துக்கும் ஃபெர்ரிக்கும் மட்டுமே 15,000-க்கு மேல் ஆகும். அப்போது இடையில் நான்கைந்து சாதாரண டைவ் போட்டுவிட்டு அங்கேயே முடித்துவிடுங்கள். தள்ளுபடியையும் விடாமல் கேளுங்கள்.